பாண்டோங்கின் செக்ரோல்

எங்கள் வீட்டு ஐஸ் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மகளின் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த கட்டத்தாள். முதல் கட்டத்தில் தேதி, அடுத்ததில் தண்ணீரின் சூடு, பிறகு என்ன கொடுத்தோம், எத்தனை, தின்றதா துப்பியதா, கடைசியில் கொடுத்தவர் கையெழுத்து. அம்மா அதைச் செக்ரோல் என்பார், தோட்டத்தில் ஆள் வரவைப் பதியும் ஏட்டின் பேர். முப்பது வருடம் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடும் வரிசையில், நின்றவர் வேறென்ன சொல்வார்!

செக்ரோலில் பேர் இருப்பது ஒரே ஆளுக்குத்தான். பாண்டோங். வெளிர் ரோஜா நிறத்தில், தலையின் இரண்டு பக்கமும் சிவப்பு இறகு போன்ற செவுள்களோடு எங்கள் முன்னறைத் தொட்டியில் கிடக்கும் ஆக்ஸலாட்டல்; மீன் இல்லை, தண்ணீரிலேயே வாழும், நாலு கால் உள்ள, தவளை இனத்துக்குச் சொந்தமான சாலமாண்டர். ரோஜா சிராப்பில் பால் கலந்த சிராப் பாண்டோங் பானத்தின் நிறம் என்று மகள் வைத்த பேர்.

அந்தத் தாள் ஒட்டப்படுவதற்கு முந்தின ஆறு மாதம், இதற்கு எவ்வளவு தீனி, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று தெரியாமல் நாங்கள் பட்ட பாட்டை எழுதி வைக்கிறேன். நான் மீன் வளர்ப்பில் பெரிய ஆள் இல்லை. மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பவன். வீடு சுங்கை சிப்புட்டில், செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்பில்). சமையலறைச் சன்னலைத் திறந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை நிற்கும்.

மகளுக்கு இந்தப் பித்து மைன்கிராஃப்டிலிருந்து வந்தது. 2021-இல் அந்த விளையாட்டில் ஆக்ஸலாட்டலைச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு பிள்ளைகள் எல்லாருக்கும் இதைத் தெரியும், பெரியவர்கள் யாருக்கும் தெரியாது. ஜூன் மாதம் ஈப்போவில் வீட்டிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் ஒருவரிடம் வாங்கினோம். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 9 செ.மீ. காட்டிலிருந்து பிடித்ததாக இருக்கக் கூடாது என்பதற்காகத் தாய் தகப்பனையும் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன். இது, அழியும் உயிர்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிர். சொந்த ஊரில் அழியும் விளிம்பில் இருக்கிறது.

சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தின் ஓரத்தில் இருக்கும் சோச்சிமில்கோ ஏரி. கடல் மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டருக்கும் அதிக உயரம். தண்ணீர் எப்போதும் சில்லென்று இருக்கும். இந்த உயரத்தை நான் முதலிலேயே மனத்தில் வாங்கியிருந்தால் பாதித் தலைவலி மிச்சமாகியிருக்கும். உலகம் முழுக்கத் தொட்டிகளில் இருப்பவை பெரும்பாலும் 1864 வாக்கில் மெக்சிகோவிலிருந்து பாரிஸுக்குக் கப்பலேறிய சிலவற்றின் வம்சம். இதை அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப பால்மரம் கதைதான்" என்றார். சரிதான். 1876-இல் பிரேசிலிலிருந்து ரப்பர் விதை லண்டன் கியூ தோட்டத்துக்குப் போனது; அடுத்த வருடமே கன்றுகள் சிங்கப்பூர் வந்து, அதில் சில எங்களுக்குப் பக்கத்து ஊரான குவாலா கங்சாரில் ஊன்றப்பட்டன. கன்று வந்ததால் தோட்டம் வந்தது, தோட்டம் வந்ததால் எங்கள் தாத்தா வந்தார்.

தொட்டி விவரம் சுருக்கமாக: 90 லிட்டர், அடியில் கல் கிடையாது, மெதுவாக ஓடும் வடிகட்டி, ஒளிந்துகொள்ள ஒரு மண் குழாய்த் துண்டு. கல் கூடாது என்பதற்கும் தீனிக்கும் சம்பந்தம் உண்டு. ஆக்ஸலாட்டல் கடித்துத் தின்னாது. வாயைப் படக்கென்று திறக்கும், முன்னால் இருக்கும் தண்ணீர் அப்படியே உள்ளே இழுபடும், அதோடு இரை போகும், கூழாங்கல் இருந்தால் கூழாங்கல்லும் போகும். பல் இருக்கிறது, ஆனால் வழுக்காமல் பிடித்துக்கொள்ள மட்டும். மெல்ல முடியாது. அதனால் கொடுக்கும் துண்டு அதன் தலை அகலத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். கண் பார்வையும் மட்டம். வாசனையையும் தண்ணீரின் அசைவையும் வைத்துத்தான் இரை எங்கே என்று கண்டுபிடிக்கும்.

முதல் மூன்று வாரம் ஐஸ் கட்டியாக விற்கும் ரத்தப்புழு கொடுத்தோம். வளரும் குட்டிக்குத் தினம் தீனி வேண்டும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். காலையில் ஒரு கட்டியைத் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு கிண்ணத்தில் கரைத்து, சிறு கண்ணாடித் தட்டில் ஊற்றி, தட்டை அடியில் இறக்குவோம். தட்டு இல்லாமல் ஊற்றினால் புழு நாலா பக்கமும் சிதறி அழுகும். இருபது நிமிடம் கழித்து மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். கேக் சாமான் கடையில் ரப்பர் குமிழ் மாட்டிய பிளாஸ்டிக் குழாய் கிடைக்கிறது, கோழி மேல் நெய் ஊற்றுவதற்காம். இந்த வேலைக்கு அதுதான் அம்சமான கருவி.

ஜூலையில் சூடு பிடித்தது. எங்கள் ஊர் பகலில் 33 டிகிரி போகும். ராத்திரியும் பெரிதாக இறங்காது. தொட்டித் தண்ணீர் 29 காட்டியது. இதற்கு ஏற்ற சூடு 16 முதல் 18 வரை. 24-ஐத் தாண்டினால் உடம்புக்கு ஆகாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தே ஒரு மேசை விசிறியை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். விசிறி தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் தளும்பும் நம் நாட்டில் எவ்வளவு ஆவியாகும்? இரண்டு டிகிரி இறங்கியது, அதோடு சரி. பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்துப் போட்டுப் பார்த்தேன். போட்ட ஒரு மணி நேரத்தில் 23, வேலைக்குப் போய்த் திரும்பினால் 27. இந்த ஏற்ற இறக்கம் நிலையான சூட்டைவிடக் கெடுதல்.

நான் ஏமாந்தது எங்கே என்றால், அந்த வாரம் பாண்டோங் நன்றாகத் தின்றது. நன்றாக என்றால், வெறி பிடித்த மாதிரி. காலையில் ஒரு கட்டி, சாயங்காலம் ஒரு கட்டி, அதற்கும் மேலே கண்ணாடியில் மூக்கை வைத்து அம்மாவைப் பார்த்துக்கொண்டே நிற்கும். "பசிக்குதுடா புள்ளைக்கு" என்று அம்மா மூன்றாவதும் போட்டார். குளிர் ரத்தப் பிராணி. தண்ணீர் சூடானால் உடம்புக்குள் எல்லாம் வேகமாக ஓடும், தின்பது கூடும், கழிப்பது கூடும். ஓர் எல்லை வரைக்கும்தான் இது. அதைத் தாண்டினதும் ஒரே நாளில் நின்றது. முதல் நாள் தின்றதைப் பாதி செரித்த சளியாக வாந்தி எடுத்தது. செவுள்கள் முன்பக்கமாக வளைந்து நின்றன. வால் நுனி கொக்கி போல மடங்கியிருந்தது. மகள் அழ ஆரம்பித்தாள்.

அன்றைக்குச் சாயங்காலமே ஈப்போவில் தண்ணீரைக் குளிர்விக்கும் பழைய சில்லர் ஒன்று வாங்கி வந்தேன். பத்தில் ஒரு பங்கு குதிரைத்திறன், 450 வெள்ளி (ரிங்கிட்). ஒரே இரவில் இறக்கவில்லை. நாளைக்கு இரண்டு டிகிரி கணக்கில் ஐந்து நாளில் 18-க்குக் கொண்டு வந்தேன். இந்த ஐந்து நாளும் தீனி கிடையாது. அம்மாவுக்கு அது பட்டினி போடுவதாகவே தெரிந்தது. ஆறாம் நாள் அரைக் கட்டி வைத்தேன், தின்றது.

சில்லர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 18 டிகிரி தண்ணீரை நம் காற்றில் வைத்தால் கண்ணாடி ஐஸ் கோப்பி டம்ளர் மாதிரி வியர்த்துக் கொட்டும். முதல் மாதத்திலேயே தொட்டி வைத்த பலகை அலமாரி ஊதிவிட்டது. மீன் பெட்டிகளை வெட்டி எடுத்த வெள்ளைப் போலிஸ்டிரின் அட்டையைப் பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டிலும் அடியிலும் ஒட்டிய பிறகு வியர்வை முன்கண்ணாடியோடு நின்றது. சில்லரும் அடிக்கடி ஓடவில்லை. கரண்டு பில் மாதம் 30 வெள்ளி கூடியிருக்கிறது. வீட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கேமரன் மலையில் வைத்தால் இந்தச் செலவு இல்லை என்று மனைவி சொல்கிறாள்.

பத்து செ.மீ.க்கு மேல் போனதும் ரத்தப்புழு மட்டும் காணாது; அதில் சத்தைவிடத் தண்ணீர்தான் அதிகம். இந்தப் பிராணிக்கு முழுச் சாப்பாடு மண்புழு. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அளவாக இருக்கிறது, முள் இல்லை, ஓடு இல்லை, நெளிவதால் உடனே கண்டுபிடித்துவிடும். மண்புழுவுக்கா பஞ்சம், தோட்டத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலி ஓரம் போனேன். அம்மா பின்னாலேயே வந்துவிட்டார்.

"அங்க தோண்டாத."

ஏன் என்றேன்.

"அந்த வரிசையெல்லாம் நான் மருந்தடிச்ச எடம்."

அம்மா முதலில் பால் வெட்டினவர். தோட்டம் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது, மருந்தடிக்கும் கூட்டத்தில் போட்டார்கள். மருந்து டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு, மரத்தடிப் புல்லுக்கு அடித்துக்கொண்டே வரிசை வரிசையாக நடக்கிற வேலை. பெரும்பாலும் பெண்கள்தான். கை நகம் கறுத்து விழுந்தது, மூக்கில் ரத்தம் வந்தது எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. அந்த மருந்துகளில் பெயர்பெற்ற பாராகுவாட்டை நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் முழுக்கத் தடை செய்துவிட்டார்கள். இப்போது அடிப்பது வேறு. புல்லுக்கு ஒன்று, பூச்சிக்கு ஒன்று, எலிக்கு வைக்கும் விஷம் ஒன்று. தோலாலேயே தண்ணீரை வாங்கும் பிராணிக்கு அந்த மண்ணில் வளர்ந்த புழுவைக் கொடுப்பது எப்படி? எந்த வரிசையில் எந்த மாதம் என்ன அடிப்பார்கள் என்று ஒப்பிக்கத் தெரிந்த ஒருவரிடம் நான் வாதாடவில்லை. மண்வெட்டியைத் திருப்பி வைத்தேன்.

சொந்தமாகப் புழு வளர்ப்பது என்று முடிவு செய்தோம். முதல் முயற்சி தோல்வி. நண்பர் வீட்டு உரக்குழியிலிருந்து ஒரு பிடி சிவப்புப் புழு கொண்டு வந்தேன், குப்பையை மக்க வைக்கும் அந்த மெல்லிய, வரி போட்ட ரகம். கழுவி ஒன்றை நீட்டினேன். பாண்டோங் படக்கென்று உறிஞ்சியது; அடுத்த நொடி துப்பிவிட்டுத் தலையை இரண்டு பக்கமும் உதறியது, பாகற்காயைத் தெரியாமல் கடித்த பிள்ளை மாதிரி. அந்த ரகப் புழு பயந்தால் மஞ்சளாக ஒரு கசப்பு நீரை விடும். கொதிநீரில் சில வினாடி முக்கி, பச்சைத் தண்ணீரில் அலசிக் கொடுத்தால் சில ஆக்ஸலாட்டல் தின்னும். பாண்டோங் அதையும் துப்பியது. அதன் கண்ணில் அந்தப் புழுவின் வாசனைக்கே ஒரு மதிப்பு இல்லை.

பிறகுதான் தூண்டிற்காரர்கள் வாங்கும் ஆப்பிரிக்கப் புழு. நம் நாட்டில் நிறையப் பேர் இதைப் பண்ணை வைத்து விற்கிறார்கள். பெரியது, ஊதா கலந்த பழுப்பு, வெயில் சூட்டையும் தாங்கும். 25 முதல் 30 டிகிரியில் சுகமாக இருக்கும். ஆக, எங்கள் வீட்டில் ஒரு பிராணிக்கு ஊர்ச் சூடு எமன், அதன் சாப்பாட்டுக்கு அதே சூடு மருந்து. அரைக் கிலோவில் ஆரம்பித்தேன்.

பெட்டி செய்த விதம்: அகலமான, ஒரு முழத்துக்கும் குறைவான உயரமுள்ள பிளாஸ்டிக் பெட்டி. இந்தப் புழு ஆழத்தில் வாழாது, மேல்மட்டத்தில்தான். அடியில் ஆணியைக் காய்ச்சி இருபது ஓட்டை. அதற்குக் கீழே வடிநீருக்கு ஒரு தட்டு. படுக்கைக்குத் தேங்காய் நார்த்தூள், நனைத்துக் கிழித்த அட்டைப்பெட்டி, மாட்டுச் சாணம். சாணத்தை நாலு வாரம் ஆற வைத்த பிறகுதான் போட்டேன். புதுச் சாணம் உள்ளுக்குள் சூடு ஏறிப் புழுவை அவித்துவிடும். மாடு வளர்க்கும் அண்ணனிடம், மாட்டுக்கு அண்மையில் குடற்புழு மருந்து கொடுத்தீர்களா என்றும் கேட்டுக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கேட்காமல் இருக்க முடியாது. அந்த மருந்து சாணத்தோடு வெளியே வரும், புழுவுக்கு ஆகாது. ஈரம் எவ்வளவு என்றால், ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் இரண்டு சொட்டு விழ வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். பெட்டியின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் வைத்தேன், எறும்புக்காக.

வைத்த இரண்டாம் ராத்திரி நல்ல மழை. காலையில் அம்மா விளக்கேற்ற எழுந்து பின்கதவைத் திறந்தவர் போட்ட சத்தத்தில் தாமானே விழித்திருக்கும். புழுக்கள் பெட்டியின் சுவரேறி, மூடியைத் தாண்டி, சிமெண்டுத் தரை முழுக்க ஊர்ந்துகொண்டிருந்தன. இந்த ரகத்துக்கு அப்படி ஒரு குணம்: இடம் புதிதாக இருந்தாலும், மழை பெய்தாலும் கிளம்பிவிடும். பொறுக்கிப் போட அரை மணி நேரம் ஆனது. முதல் வாரம் முழுக்கப் பெட்டிக்கு மேலே ஒரு சின்ன விளக்கு எரியவிட்டால் வெளிச்சத்துக்குப் பயந்து உள்ளேயே இருக்கும். இதைப் புழு விற்றவர் சொல்லவில்லை. தொட்டுக் கும்பிட வேண்டிய இடத்தில் புழு ஊர்ந்தது என்று அம்மா மட்டும் இன்றுவரை சொல்கிறார்.

புழுவுக்குத் தீனி வாழைப்பழத் தோல், பப்பாளித் தோல், முட்டைக்கோஸ் இலை, கொஞ்சம் தேயிலைத் தூள். எலுமிச்சை, வெங்காயம், மிளகாய், உப்பு எண்ணெய் பட்ட மீதி எதுவும் கூடாது. நம் வீட்டுச் சமையலில் இந்த நாலும் இல்லாத மிச்சம் எது? பச்சையாக அரிந்த கழிவை மட்டும் தனியாக எடுத்து வைக்கும் பழக்கம் மெல்ல வந்தது. மூன்று மாதத்தில் பெட்டி நிரம்பியது. கொடுக்கும் முதல் நாள், வேண்டிய புழுவை எடுத்து ஈர அட்டைத் துண்டுகளுக்கு நடுவே ஒரு டப்பாவில் போட்டு வைப்பேன். வயிற்றில் இருக்கும் மண்ணைக் கழித்துவிடும், தொட்டித் தண்ணீர் கலங்காது. மறுநாள் தொட்டித் தண்ணீரில் அலசி, நுனி மழுங்கிய பிளாஸ்டிக் இடுக்கியால் மூக்கருகே நீட்டி மெதுவாக ஆட்டினால் போதும். குட்டியாக இருந்தபோது ஒன்றரை செ.மீ. துண்டுகளாக வெட்டினேன். அந்த வேலையை நான் ஒருவன்தான் செய்வேன், மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

புழு தாராளமாகக் கிடைத்ததும் அடுத்த வினை வந்தது. நவம்பரில் பாண்டோங் 17 செ.மீ. காலையில் நான் ஒன்று கொடுத்துவிட்டு வேலைக்குப் போவேன். பள்ளி விட்டு வந்த மகள் ஒன்று. சாயங்காலம் அது கண்ணாடியில் வந்து நின்றால் அம்மா ஒன்று. ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. நம் வீடுகளில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்காமல் பேச்சையே ஆரம்பிக்க மாட்டோம்; வாய் திறந்து பதில் சொல்லத் தெரியாத பிராணிக்கு மூன்று வேளையும் பந்தி. ஆக்ஸலாட்டல் எப்போதும் பசித்த மாதிரிதான் நிற்கும். ஆள் நிழல் தெரிந்தால் முன்னால் வரும், மேலே எழும்பி வாயைத் திறக்கும். அது பசி என்று எடுத்துக்கொண்டால் முடிந்தது கதை.

தண்ணீர்தான் முதலில் காட்டிக்கொடுத்தது. அம்மோனியா சோதிக்கும் சொட்டு மருந்து மஞ்சளாக நிற்க வேண்டியது, பச்சை அடித்தது. நைட்ரேட்டும் 20 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டியது, 60-ஐத் தாண்டியிருந்தது. வாரம் ஒருமுறை மாற்றிய தண்ணீரை நாள்விட்டு நாள் மாற்றினேன், காரணத்தை யோசிக்காமல். பிறகு ஒருநாள் மேலேயிருந்து பார்த்தபோது வயிறு இரண்டு பக்கமும் பலூனாகத் தெரிந்தது. முன்னங்காலுக்குப் பின்னால் சின்னச் சதைக் கட்டி. கட்டி என்று பயந்து படமெடுத்துப் பாண்டோங்கை விற்றவருக்கு அனுப்பினேன். கொழுப்பு என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது.

அளக்கச் சொன்னார். தொட்டிக்கு மேலே ஓர் அடிக்கோலை வைத்து நேர் கீழாகப் படம் எடுத்தேன். தலையின் அகலமான இடம் 3.2 செ.மீ., வயிற்றின் அகலமான இடம் 3.9. வயிறு தலையின் அகலத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். அதைவிட ஒடுங்கினால் தீனி காணாது, மிஞ்சினால் அதிகம். முட்டை தாங்கிய பெட்டைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பாண்டோங் கடுவன் என்று பிற்பாடு தெரிந்தது. வயதுக்கு வந்ததும் பின்காலுக்குப் பின்னால் வீங்கினாற்போல் ஆகும். கண்ணாடியில் மூக்கை வைத்து நிற்பதைப் பார்க்காதே, அகலத்தையும் சூட்டுமானியையும் பார் என்றார் அவர். அதற்குப் பிறகு நான் வேறு அளவுகோல் தேடவில்லை.

அன்றைக்கு ராத்திரி ஒட்டியதுதான் ஐஸ் பெட்டித் தாள். கையெழுத்து இல்லாமல் யாரும் டப்பாவைத் திறக்கக் கூடாது. மகள்தான் கிராணி, தோட்டத்துக் கணக்குப்பிள்ளை மாதிரி.

தண்ணீர் 16 முதல் 18-க்குள் இருக்கும்போது எங்களுக்கு ஒத்துவந்த கணக்கைச் சொல்கிறேன். பொரித்த குஞ்சு எங்களிடம் இருந்ததில்லை. அதற்கு உயிருள்ள ஆர்டிமியா (பொடி இறால் வகை) மாதிரி நுண்ணிய இரை நாளைக்கு இரண்டு மூன்று வேளை வேண்டும், அசையாததைத் தின்னத் தெரியாது. பல குஞ்சுகளைச் சேர்த்துப் பட்டினி போட்டால் ஒன்றின் காலை ஒன்று கடித்துவிடும். கால் திரும்ப முளைக்கும், அது வேறு விஷயம். 8 முதல் 12 செ.மீ. வரை தினம் ஒரு வேளை, வயிறு லேசாக உருளும்வரை. 12-இலிருந்து 15 வரை தினமும்தான், வாரத்தில் ஒருநாள் விடுமுறை. 15 தாண்டியதும் ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு நடுத்தரப் புழு. 18 தாண்டி வளர்ச்சி மந்தமானதும் இரண்டு அல்லது மூன்று நாளைக்கு ஒருமுறை, பெரிய புழு ஒன்று, சிறியதாக இருந்தால் இரண்டு. தண்ணீர் 20-க்கு மேல் போன நாளில் பாதி கொடுப்பேன், 23 ஆனால் கொடுக்கவே மாட்டேன், முதலில் சில்லரைப் பார்ப்பேன். தின்னவில்லை என்றால் மறுபடி மறுபடி நீட்டி வற்புறுத்துவது இல்லை. எடுத்துவிட்டு மறுநாள் பார்ப்போம். நல்ல உடம்போடு இருக்கும் பெரிய ஆக்ஸலாட்டல் குளிர்ந்த தண்ணீரில் ஒரு வாரம் பத்து நாள் தின்னாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது.

கொழுப்பைக் குறைக்க முழுப் பட்டினி போடவில்லை. மூன்று நாளைக்கு ஒரு புழு, அவ்வளவுதான். ஏழு வாரத்தில் வயிறு 3.5-க்கு இறங்கியது, தலை 3.4-க்கு வளர்ந்தது. அந்தச் சதைக் கட்டி இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

ஜனவரியில் தைப்பூச விரதம். வீட்டில் கவிச்சி கிடையாது, நான் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். விரதத்தில் இருந்துகொண்டு புழுவைத் துள்ளத் துள்ள எடுத்துப் போடுவதாவது என்று அம்மா ஒரே பிடி. நியாயந்தான். அந்த மூன்று வாரத்துக்கு மூழ்கும் குருணைத் தீனிக்கு மாறினோம். மீனுக்கு மேலே மிதக்கிறதே, அது வேண்டாம். இதற்கு அடியில் போய் விழ வேண்டும், புரதம் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், மென்மையாக இருக்க வேண்டும். முதல் இரண்டு முறை துப்பியது. இடுக்கியில் பிடித்துப் புழுவை ஆட்டுவது மாதிரி ஆட்டினதும் ஏமாந்து வாங்கிக்கொண்டது. நாலைந்து குருணை ஒரு புழுவுக்குச் சமம் என்று வைத்துக்கொண்டோம். அதுவும் மீனை அரைத்துச் செய்ததுதானே என்று மகள் கேட்டாள். பாட்டி காதில் விழாதது மாதிரி இருந்துவிட்டார். செக்ரோலில் குருணை நாள்களை அம்மா 'அரை நாள்' என்று போட்டார்.

பூசத்துக்கு மூன்று நாள் பத்துமலை போனோம். சாவியைப் பக்கத்து வீட்டு மலாய் அம்மா, மாக்சிக்கிடம் கொடுத்து, செடிக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், இதற்கு எதுவும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் தொட்டி அடியில் நாலு காய்ந்த நெத்திலி, வெள்ளையாகப் பூசணம் பூத்து. பாவமாக அவரையே பார்த்துக்கொண்டிருந்ததாம். உப்புக் கருவாடு! நல்லவேளையாக அது தொடவில்லை. அன்றைக்கே பாதித் தண்ணீரை மாற்றினேன். மறுமுறை போகும்போது தொட்டி மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டுப் போனேன். முகம் தெரிந்தால்தானே பாவம் வரும்.

கேட்பவர்களுக்காக இன்னும் கொஞ்சம். கடையில் விற்கும் சின்னத் தங்கமீனை உயிரோடு போட வேண்டாம். நோயும் ஒட்டுண்ணியும் கூடவே வரும், அந்த மீனில் பி1 வைட்டமினை அழிக்கும் ஒரு பொருளும் இருக்கிறது. கோழி, மாட்டிறைச்சித் துண்டுகளின் கொழுப்பு இதற்குச் செரிக்காது. பறவைக்கு விற்கும் மாவுப்புழு ஓடு கெட்டி. நான் இறால் துண்டு எப்போதாவது கொடுப்பேன், உப்புப் போடாதது, ஓடு உரித்தது, அதுவும் மாதம் ஒன்று.

இந்த வாரத் தாளைப் பார்த்தேன். திங்கள், 17.5, புழு 1, தின்றது, என் கையெழுத்து. செவ்வாய் இல்லை. புதன் இல்லை. வியாழன், 17.8, புழு 1, தின்றது, மகள். இன்றைக்கு வெள்ளி. அம்மா தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். பாண்டோங் கண்ணாடியில் மூக்கை வைத்து நிற்கிறது.

"இன்னைக்கு ஒனக்குப் பெரட்டு இல்லடா," என்கிறார். "ஞாயித்துக்கெழம வா."

கீரைத் தண்டுகள் புழுப்பெட்டிக்குப் போகின்றன.